கூட்டல் சுற்றுகளின் வேகப் போட்டி: கேரி எந்த வழியாகப் போகிறது?

2022இல் என்விடியா நிறுவனம் ஒரு செய்தி சொன்னது. அதன் ஹாப்பர் வகைச் சிப்புக்குள் செயற்கை நுண்ணறிவு வடிவமைத்த சுற்றுகள் ஏறக்குறைய 13,000 இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன என்பது செய்தி. அதற்கு அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு 64 பிட் கூட்டி, அதாவது 64 பைனரி இலக்கங்கள் (பிட்கள்) கொண்ட இரண்டு எண்களைக் கூட்டும் சுற்று. வழக்கமான வடிவமைப்பு மென்பொருள் தரும் கூட்டிக்குச் சமமான வேகம், ஆனால் பரப்பில் 25 விழுக்காடு சிறியது.

படித்தவர்களில் பலருக்கு இது விநோதமாக இருந்திருக்கும். இரண்டு பைனரி எண்களைக் கூட்டும் சுற்று எலக்ட்ரானிக்ஸ் படிப்பவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தரும் பாடம். அதற்குப் பெயர் பெற்ற வடிவங்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கின்றன. பெரும்பாலானவை 1950களுக்கும் 1980களுக்கும் நடுவே வந்தவை. அதில் இன்னும் 25 விழுக்காடு எங்கே ஒளிந்திருந்தது? அதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், கூட்டும்போது சுற்றுக்கு நேரம் எங்கே போகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

நேரம் போகும் இடம்

ஒரே ஒரு பிட்டை இன்னொரு பிட்டோடு கூட்டுவது எளிது. இரண்டும் 1 என்றால் விடை 0, அடுத்த இடத்துக்கு 1 போகிறது. அப்படிப் போகும் 1தான் கேரி. இரண்டில் ஒன்று மட்டும் 1 என்றால் விடை 1, கேரி இல்லை. பிட்களை வாங்கி ஒரு பிட்டை விடையாகத் தரும் மிகச் சிறிய சுற்றுக்குக் கேட் என்று பெயர். விடை பிட்டைத் தருவது ஒரு எக்ஸ்ஆர் கேட் (ஒன்று மட்டும் 1 என்றால் 1 தரும்), கேரியைத் தருவது ஒரு ஆண்ட் கேட் (எல்லாமே 1 என்றால்தான் 1 தரும்). இந்த இரண்டும் சேர்ந்தது அரைக்கூட்டி. வலப்பக்கத்திலிருந்து வரும் கேரியையும் சேர்த்து மூன்று பிட்களைக் கூட்டக்கூடியது முழுக்கூட்டி. இரண்டு அரைக்கூட்டிகளையும் ஒரு ஆர் கேட்டையும் (ஏதாவது ஒன்று 1 என்றாலே 1 தரும்) வைத்து அதைக் கட்டிவிடலாம்.

64 முழுக்கூட்டிகளை வரிசையாக வைத்து, ஒன்றின் கேரியை அடுத்ததன் உள்ளே செருகினால் 64 பிட் கூட்டி தயார். இதற்கு ரிப்பிள் கேரி கூட்டி என்று பெயர். வேலையைச் சரியாகச் செய்யும், இடமும் மிகக் குறைவு. ஆனால் 64ஆவது இடத்தின் விடை, முதல் இடத்திலிருந்து கிளம்பிய கேரி 63 இடங்களைத் தாண்டி வரும்வரை உறுதியாகாது. மற்ற எல்லா வேலையும் எல்லா இடங்களிலும் ஒரே நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. காத்திருப்பு முழுக்க கேரிக்காகத்தான். வேகக் கூட்டிகள் என்று எதையெல்லாம் சொல்கிறோமோ, அவை எல்லாமே இந்த ஒரு காத்திருப்பைக் குறைக்க வந்தவை.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். பாடநூல்களில் இப்படி வைத்துக்கொள்வது வழக்கம்: இரண்டு உள்ளீடு உள்ள ஆண்ட், ஆர் கேட்டுகளுக்கு 1 அலகு நேரம், எக்ஸ்ஆருக்கு 2, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் மக்ஸுக்கும் 2. கம்பிக்கு நேரமே இல்லை. இந்தக் கடைசி வரி ஒரு பொய், அதைப் பிற்பாடு கவனிப்போம்.

வெளியிலிருந்து கேரி எதுவும் வரவில்லை என்று வைத்தால், ரிப்பிள் கூட்டியில் கேரி ஓர் இடத்தைத் தாண்ட ஓர் ஆண்ட் கேட்டும் ஓர் ஆர் கேட்டும் ஆக 2 அலகு எடுக்கிறது. உச்சி பிட்டுக்குக் கேரி வந்து சேரும்போது 126 அலகு ஆகியிருக்கும். அங்கே ஓர் எக்ஸ்ஆர். மொத்தம் 128. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரியில் இவ்வளவு ஆகுமா?

ஆகாது. பர்க்ஸ், கோல்ட்ஸ்டைன், வான் நாய்மன் மூவரும் பிரின்ஸ்டன் கணினிக்காக 1946இல் எழுதிய அறிக்கையிலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். கண்டபடி எடுத்த இரண்டு எண்களைக் கூட்டும்போது, மிக நீண்ட கேரித் தொடர் சராசரியாக, பிட் எண்ணிக்கையின் 2 அடிமான மடக்கையைத் தாண்டாது. அவர்கள் திட்டமிட்ட 40 பிட் எண்களுக்கு அது ஐந்தேகால் இடம் அளவுதான்.

அப்படியானால் ரிப்பிளே போதுமே என்று தோன்றும். இரண்டு காரணங்களால் போதாது. ஒன்று, கிளாக் (சீரான இடைவெளியில் வரும் துடிப்பு) வைத்து ஓடும் சுற்று மிக மோசமான நிலைக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். சராசரியை நம்பி விடையை எடுத்தால் என்றாவது ஒருநாள் தப்பான விடையை எடுக்கும். இரண்டு, நிஜமான நிரல்களில் வரும் எண்கள் கண்டபடி வருவதில்லை. கணினிகள் எதிர்ம எண்களை எழுதும் இரண்டின் நிரப்பி முறையில் -1 என்பது 64 இடத்திலும் 1. அதோடு 1ஐக் கூட்டிப் பாருங்கள், கேரி அடியிலிருந்து உச்சிவரை ஓடுகிறது. ஒரு கவுன்டரை ஒன்று குறைப்பதும் -1ஐக் கூட்டுவதுதான். அதாவது மோசமான நிலை அபூர்வமானதே அல்ல.

மூன்று வகை இடங்கள்

கேரியை வேகப்படுத்தும் வழிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கவனிப்பு. பத்தடிமானத்தில் பார்த்தால் எளிதாக விளங்கும். 47395ஐயும் 52605ஐயும் கூட்டுவோம். வலக்கோடியில் 5ம் 5ம் சேர்ந்து 10, அங்கே கேரி பிறக்கிறது. அடுத்து 9+0, 3+6, 7+2, 4+5. நான்குமே 9. தானாக எதுவும் கேரியை உண்டாக்காது, ஆனால் வலப்பக்கத்திலிருந்து 1 வந்தால் அதை அப்படியே இடப்பக்கம் தள்ளிவிடும். விடை 100000. கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் கீழே உள்ள இடமோ, வரும் கேரியை விழுங்கிவிடும்.

பைனரியிலும் இதேதான்:

1. இரண்டு பிட்டும் 1 என்றால் அந்த இடம் கேரியை உருவாக்கும்.
2. ஒன்று மட்டும் 1 என்றால், வந்ததைக் கடத்தும்.
3. இரண்டும் 0 என்றால் விழுங்கும்.

முக்கியமான செய்தி என்னவென்றால், ஓர் இடம் இந்த மூன்றில் எந்த வகை என்பதை அந்த இடத்தின் இரண்டு பிட்களை மட்டும் பார்த்தே சொல்லிவிடலாம். கேரிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 64 இடங்களும் ஒரே நேரத்தில் தம் வகையை அறிவித்துவிடும். சார்லஸ் பாபேஜ் 1830களில் பல்சக்கர இயந்திரத்துக்கு முன்கூட்டியே கேரி கடத்தும் அமைப்பை யோசித்தபோதும் வரிசையாக நிற்கும் 9களைத்தான் பிடித்துக்கொண்டார். மின்சாரம் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது.

பாதி வழி போகும் உத்திகள்

கேரி ஸ்கிப் கூட்டி, 64 இடங்களை எட்டெட்டாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு குழுவின் எட்டு இடங்களும் கடத்தும் வகை என்றால், உள்ளே வரும் கேரி எட்டு இடத்தையும் மிதிக்காமல் குழுவைச் சுற்றிப் போகும் குறுக்கு வழியில் 2 அலகில் தாண்டிவிடும். முதல் குழுவில் 16, நடுவில் ஆறு குழுக்களைத் தாண்ட 12, கடைசிக் குழுவுக்குள் 14, கடைசி எக்ஸ்ஆர் 2. மொத்தம் 44. குறுக்கு வழிக்கு ஆகும் கூடுதல் கேட்டுகள் கொஞ்சம்தான். குழுக்களைச் சம அளவாக வைக்காமல் ஓரங்களில் சிறியதாகவும் நடுவில் பெரியதாகவும் வைத்தால் இன்னும் குறையும்.

கேரி செலக்ட் கூட்டி வேறு விதமாக யோசிக்கிறது. வரப்போகும் கேரி 0 அல்லது 1, மூன்றாவது வாய்ப்பு கிடையாது. எனவே ஒவ்வொரு குழுவும் கேரி 0 என்று வைத்து ஒரு விடை, 1 என்று வைத்து ஒரு விடை என இரண்டையும் போட்டு வைத்துக்கொள்கிறது. உண்மையான கேரி வந்ததும் மக்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். எட்டு பிட் குழுக்களுக்கு 30 அலகு. விலை: முதல் குழுவைத் தவிர எல்லாமே இரண்டு பிரதி, அதாவது ஏறக்குறைய இரட்டிப்புப் பரப்பும் அதற்கேற்ற மின்செலவும். பெட்ரிஜ் 1962இல் இதை வெளியிட்டார். இதையே குழுவுக்குள் குழு என்று அடிவரை கொண்டுபோவதுதான் ஸ்க்ளான்ஸ்கி 1960இல் சொன்ன கண்டிஷனல் சம் முறை.

லுக்அஹெட்: எல்லாவற்றையும் விரித்து எழுதினால்?

நான்கு இடங்கள் உள்ள ஒரு குழுவிலிருந்து கேரி வெளியேற வேண்டுமானால், பின்வரும் ஐந்தில் ஒன்று நடந்திருக்க வேண்டும்:

1. நான்காம் இடமே உருவாக்கியது.
2. மூன்றாம் இடம் உருவாக்கி, நான்காவது கடத்தியது.
3. இரண்டாவது உருவாக்கி, மூன்றும் நான்கும் கடத்தின.
4. முதலாவது உருவாக்கி, மற்ற மூன்றும் கடத்தின.
5. வெளியிலிருந்து வந்த கேரியை நான்குமே கடத்தின.

ஒவ்வொரு வரியும் ஓர் ஆண்ட் கேட், ஐந்தையும் சேர்க்க ஓர் ஆர் கேட். சங்கிலி மறைந்துவிட்டது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசியத் தர நிர்ணய அமைப்பில் வைன்பெர்கரும் ஸ்மித்தும் 1956இல் இந்த வழியில் ஒரு மைக்ரோ வினாடியில் கூட்டும் கூட்டியைக் காட்டினார்கள், அதுவும் ஒரு மெகாஹெர்ட்ஸ் சுற்றுகளை வைத்து.

64 இடத்துக்கும் இப்படியே விரித்து எழுதினால்? கடைசி ஆர் கேட்டுக்கு 65 உள்ளீடு வேண்டும். காகிதத்தில் எழுதலாம், சிலிக்கானில் முடியாது. இன்றைய சிப்புகளில் உள்ள சீமாஸ் வகைக் கேட்டில் உள்ளீடுகள் கூடக்கூட ட்ரான்சிஸ்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொடராக நிற்கின்றன. நான்கைத் தாண்டினாலே கேட் மந்தமாகிவிடும். எனவே நான்கு நான்காகக் குழு, நான்கு குழுவுக்கு ஒரு மேற்குழு, நான்கு மேற்குழுவுக்கு மேலே ஒன்று என்று அடுக்கினார்கள். 4×4×4, சரியாக 64. 1970இல் வந்த 74181 என்ற நான்கு பிட் கணக்குச் சிப்பும் அதன் துணையான 74182 என்ற லுக்அஹெட் சிப்பும் இந்த அடுக்கின் நேரடி வடிவம். 64 பிட் வேண்டுமானால் முதலாவதில் 16, இரண்டாவதில் 5. ஜெராக்ஸ் ஆல்டோ, வாக்ஸ்-11/780 என்ற கணினிகளில் கணக்குப் போட்டது 74181 குடும்பம்தான்.

சேர்ப்புப் பண்பு திறந்துவிட்ட கதவு

மேலே செய்ததைக் கொஞ்சம் பொதுவாகப் பார்ப்போம். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு குழுக்களைச் சேர்த்து ஒரே குழுவாக்க முடியும். புதிய குழு கேரியை உருவாக்குமா? இடக்குழு உருவாக்கினாலும் சரி, வலக்குழு உருவாக்கி இடக்குழு கடத்தினாலும் சரி, உருவாக்கும். புதிய குழு கடத்துமா? இரண்டும் கடத்தினால் கடத்தும். இந்தச் சேர்க்கையைச் செய்யும் சிறு சுற்றைக் கணு என்று அழைப்போம். அதற்கு ஆகும் நேரம் 2 அலகு.

இந்தச் சேர்க்கைக்குப் பரிமாற்றுப் பண்பு கிடையாது. இடம் வலம் மாற்றினால் விடை மாறும். ஆனால் சேர்ப்புப் பண்பு உண்டு. முதலில் எந்த இரண்டைச் சேர்த்தாலும், வரிசையைக் கலைக்காதவரை, கடைசியில் கிடைப்பது ஒன்றே. சங்கிலியாகச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இங்கே உடைகிறது. மரம் போல இரண்டிரண்டாகச் சேர்த்தால் 64 இடத்துக்கு 6 நிலை போதும். இவ்வகைக் கூட்டிகளுக்குப் பேரலல் ப்ரீஃபிக்ஸ் கூட்டிகள் என்று பெயர்.

சிக்கல் என்னவென்றால், நமக்கு உச்சிக் கேரி ஒன்று மட்டும் போதாது. ஒவ்வொரு இடத்துக்கும் அதன் வலப்பக்கம் முழுவதையும் சேர்த்த விடை வேண்டும். 64 மரங்கள், ஒன்றோடொன்று கிளைகளைப் பகிர்ந்துகொண்டு. எப்படிப் பகிர்வது என்பதில்தான் வடிவங்கள் பிரிகின்றன:

1. கோகி-ஸ்டோன் (1973). 6 நிலை, 321 கணு. ஒவ்வொரு கணுவும் அடுத்த நிலையில் இரண்டு கணுக்களுக்கு மட்டுமே விடை தருகிறது. நம் அளவுகோலில் 16 அலகு.
2. ஸ்க்ளான்ஸ்கி மரம். 6 நிலை, 192 கணு, காகிதத்தில் அதே 16 அலகு. ஆனால் கடைசி நிலையில் ஒரே கணு 32 கணுக்களுக்கு விடை தர வேண்டும்.
3. ப்ரென்ட்-குங் (1982). 120 கணுதான். மேலே ஏறும் மரம் ஒன்று, இறங்கும் மரம் ஒன்று. படத்தில் 11 வரிசை தெரியும், மிக நீண்ட பாதையில் இருப்பது 10 கணு. 24 அலகு.
4. ஹான்-கார்ல்சன் (1987). ஒன்றுவிட்டு ஒரு இடத்துக்கு மட்டும் கோகி-ஸ்டோன், விட்டுப்போன இடங்களுக்குக் கடைசியில் ஒரு நிலை. 7 நிலை, 192 கணு, 18 அலகு.

128 எங்கே, 16 எங்கே! இதற்கும் கீழே போக முடியுமா என்று கேட்டால், ஓர் அடித்தளம் இருக்கிறது. உச்சி பிட்டின் விடை, உள்ளே வரும் 128 பிட்களையும் பொறுத்தது. இரண்டு உள்ளீட்டுக் கேட்டுகளை வைத்து 128 பிட்களை ஒரு புள்ளிக்குக் கொண்டுவர 7 நிலையாவது வேண்டும். வினோகிராட் 1965இல் நிறுவிய எல்லை இது. எக்ஸ்ஆரையும் 1 என்றே எண்ணினால் கோகி-ஸ்டோனுக்கு 14 வருகிறது. ஆக, எவ்வளவு தலைகீழாக நின்றாலும், நிலைகளைக் குறைத்து இன்னொரு எட்டு மடங்கு வேகம் கிடைக்கப் போவதில்லை.

கம்பிக்கும் நேரம் உண்டு

மேலே உள்ள பட்டியலை மட்டும் படித்தால் கோகி-ஸ்டோனும் ஸ்க்ளான்ஸ்கியும் சமம், அதிலும் ஸ்க்ளான்ஸ்கிக்குக் கணு குறைவு என்பதால் அதுவே வென்றது என்று முடிவு கட்டத் தோன்றும். தேர்வுத்தாளில் அது சரி. சிப்பில் இல்லை.

ஒரு கேட் 32 கேட்டுகளை ஓட்ட வேண்டும் என்றால், 32 கேட்டுகளின் மின்தேக்கத்தை அது ஒன்றே நிரப்ப வேண்டும். நேரடியாகச் செய்தால் படுமந்தம். நடுவே படிப்படியாகப் பெரிதாகும் பஃபர்களை (சிக்னலை வலுப்படுத்தித் தரும் கேட்டுகளை) வைத்தால் இரண்டு மூன்று நிலைகளின் நேரம் கூடும். காகிதத்தில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடுகிறது.

கோகி-ஸ்டோனுக்கு அந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. கடைசி நிலையில் 32 இடங்களைத் தாண்டிப் போகும் 32 கம்பிகள் பக்கம் பக்கமாக ஓட வேண்டும். கம்பி நீளமாக ஆக அதன் மின்தடையும் கூடுகிறது, மின்தேக்கமும் கூடுகிறது. நடுவே பஃபர் வைக்காத கம்பியின் தாமதம் நீளத்தின் வர்க்கமாக வளர்கிறது. ட்ரான்சிஸ்டர்கள் தலைமுறைக்குத் தலைமுறை சிறியதாகி வேகமானபோது கம்பிகள் அதே அளவுக்கு வேகமாகவில்லை. 1973இல் யாரும் பெரிதாகக் கணக்கில் எடுக்காத கம்பி, இன்றைக்கு முதல் வரிசையில் நிற்கிறது.

2003இல் டேவிட் ஹாரிஸ் இந்த வடிவங்களை எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடைத்துக் காட்டினார். என் பார்வையில், வடிவங்களின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இதை ஒருமுறை புரிந்துகொள்வது நல்லது. 64 பிட் மரத்துக்கு 5 புள்ளிகள் செலவழித்தே ஆக வேண்டும். செலவழிக்க மூன்று கணக்குகள்:

1. கூடுதல் நிலைகள். ஒரு புள்ளிக்கு ஒரு நிலை கூடும்.
2. ஃபேன்-அவுட், அதாவது ஒரு கணு எத்தனை கணுக்களை ஓட்டுகிறது என்பது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.
3. பக்கம் பக்கமாக ஓடும் கம்பிகள். இதுவும் புள்ளிக்கு இரட்டிப்பாகும்.

ப்ரென்ட்-குங் ஐந்தையும் நிலைகளில் கொட்டுகிறது. ஸ்க்ளான்ஸ்கி ஐந்தையும் ஃபேன்-அவுட்டில். கோகி-ஸ்டோன் ஐந்தையும் கம்பியில், இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32 கம்பி. ஹான்-கார்ல்சன் நிலைக்கு ஒன்றும் கம்பிக்கு நான்கும் கொடுப்பதால் 16 கம்பியோடு தப்பிக்கிறது. லேட்னர், ஃபிஷர் இருவரும் 1980இல் சொன்ன குடும்பம் ஸ்க்ளான்ஸ்கிக்கும் ப்ரென்ட்-குங்குக்கும் நடுவே நிற்கிறது, நோல்ஸ் 1999இல் சொன்னது ஸ்க்ளான்ஸ்கிக்கும் கோகி-ஸ்டோனுக்கும் நடுவே. புள்ளியைச் செலவழிக்காமல் யாரும் தப்ப முடியாது. எங்கே செலவழிப்பது மலிவு என்பது அந்தச் சிப்பின் தொழில்நுட்பத்தைப் பொறுத்தது. மின்கலத்தில் ஓடும் சிறிய சிப்புக்கு 120 கணு உள்ள ப்ரென்ட்-குங் போதும். நேரத்துக்குத் துடிக்கும் பிராசசருக்கு அது ஒத்துவராது.

அந்த 25 விழுக்காடு எங்கிருந்து வந்தது?

பெயர் பெற்ற வடிவங்கள் எல்லாவற்றிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மனிதர்கள் காகிதத்தில் வரைந்து, பொது விதியாக எழுதியவை என்பதால் அந்த ஒழுங்கு வந்தது. சரியான விடை தரும் மரங்கள் ஒழுங்காகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 64 பிட்டுக்குச் சாத்தியமான மரங்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவே முடியாத அளவு பெரியது. பெயர் உள்ள பத்துப் பன்னிரண்டும் அந்தப் பரப்பில் சில புள்ளிகள் மட்டுமே.

என்விடியா ஆய்வாளர்கள் செய்தது, வலுவூட்டல் கற்றல் முறையில் ஒரு நிரலை அந்தப் பரப்பில் நடக்க விட்டது. ஒரு கணுவைச் சேர், அல்லது நீக்கு. இந்த இரண்டு நகர்வுகள்தான். ஒவ்வொரு நகர்வுக்குப் பிறகும் மரத்தைச் சரிசெய்து, அதை உண்மையான கேட்டுகளாக மாற்றும் சிந்தசிஸ் மென்பொருளிடம் கொடுத்து, வந்த பரப்பையும் தாமதத்தையும் அளந்து, அதையே மதிப்பெண்ணாகத் திருப்பிக் கொடுத்தார்கள். கணுக்களை எண்ணி மதிப்பெண் போடவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கேட்டின் அளவு, பஃபர், ஓட்ட வேண்டிய சுமை என்று காகித அளவுகோல் மறைத்த செலவுகள் எல்லாம் மதிப்பெண்ணுக்குள் வந்துவிட்டன.

கிடைத்த மரங்கள் பார்க்க அழகாக இல்லை. ஓர் இடத்தில் அடர்த்தி, இன்னோர் இடத்தில் வெறிச்சென்று இருக்கும். செலவும் சின்னதல்ல: 64 பிட் கூட்டிக்கான பயிற்சிக்கே 32,000 மணி நேரத்துக்கு மேல் ஜிபியு நேரம் ஆனதாக அவர்கள் சொன்னார்கள். ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் ஆயிரக்கணக்கான இடங்களில் அச்சடிக்கலாம் என்பதால் கட்டுப்படியாகிறது.

இந்த எண்ணைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். இது குறிப்பிட்ட ஒரு தாமதத்தில் எடுத்த ஒப்பீடு. எல்லா வேகத்திலும் 25 விழுக்காடு மிச்சம் என்று பொருள் கொள்ளக் கூடாது. மேலும் சுருங்கியது கூட்டி மட்டும். சிப் முழுவதும் கால்வாசி சுருங்கிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை.

காத்திருப்பை நகர்த்திவைத்த பென்டியம் 4

மரத்தையே தொடாமல் வேறு பக்கத்திலிருந்தும் தாக்கலாம். 2000 நவம்பரில் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸில் வந்த முதல் பென்டியம் 4இல், எளிய கணக்குகளைச் செய்யும் பகுதி கிளாக்கைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், அதாவது 3 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடியது. 32 பிட் கூட்டலை அந்த அரைக் கிளாக் நேரத்துக்குள் முடிக்க அவர்கள் முயலவில்லை. கீழ் 16 பிட்டை முதல் அரைக் கிளாக்கில் கூட்டினார்கள். அதிலிருந்து வந்த கேரியை வைத்து மேல் 16 பிட்டை அடுத்த அரைக் கிளாக்கில் கூட்டினார்கள்.

இதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. அடுத்த கூட்டல் இதன் விடைக்காகக் காத்திருந்தாலும், அதற்கு முதலில் தேவைப்படுவது கீழ் 16 பிட்தான், அது ஏற்கெனவே தயார். எனவே ஒன்றையொன்று சார்ந்த கூட்டல்கள்கூட அரைக் கிளாக்குக்கு ஒன்றாக நடந்தன. ஆனால் மேல் பிட்களைக் கீழே கொண்டுவரும் வலப்பக்க ஷிஃப்ட் போன்ற வேலைகளுக்கு இந்த ஏற்பாடு ஒத்துவராது.

பெருக்கலில் கதை கொஞ்சம் மாறும். 64×64 பெருக்கலில் 64 வரிசைகளைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு கூட்டலுக்கும் வேகக் கூட்டி வைத்தால் வீண்செலவு. முழுக்கூட்டிகளை ஒன்றோடொன்று இணைக்காமல் தனித்தனியே வைத்தால், மூன்று வரிசைகளை இரண்டாக்கிவிடும், கேரி எங்கும் ஓடாது. வாலஸ் (1964), டாடா (1965) மரங்கள் இதைச் செய்கின்றன. இரண்டே வரிசை மிஞ்சும்போதுதான் உண்மையான கூட்டி ஒன்று வேண்டும். அந்த நேரத்தில் ஓரத்து பிட்கள் முன்பே வந்து காத்திருக்கும், நடு பிட்கள் கடைசியில் வரும். அதனால் சீக்கிரம் வரும் அடி பிட்களுக்குச் சாதாரண ரிப்பிளும், தாமதமாக வரும் நடுப்பகுதிக்கு வேகமான மரமும் வைத்த கலப்புக் கூட்டி அங்கே எடுபடுகிறது. வேகமே இல்லாதது என்று ஒதுக்கிய ரிப்பிள், தனக்கு நேரம் இருக்கும் இடத்தில் வேலையைக் குறைந்த விலைக்கு முடித்துவிடுகிறது.

எஃப்.பி.ஜி.ஏ.வில் தலைகீழ்

எஃப்.பி.ஜி.ஏ. என்பது உள்ளே உள்ள இணைப்புகளை நிரல்படுத்தி, வேண்டிய சுற்றாக மாற்றிக்கொள்ளும் சிப். மாணவர்களின் புராஜெக்டுகளில் அடிக்கடி குழப்பம் வருவது இங்கேதான். கோகி-ஸ்டோனைச் சுற்றுகளை விவரிக்கும் மொழியான வெரிலாகில் பார்த்துப் பார்த்து எழுதி, எஃப்.பி.ஜி.ஏ.வில் ஏற்றினால், வெறும் கூட்டல் குறி போட்டு எழுதிய ஒரு வரியைவிட மெதுவாக ஓடும். நிரலில் தப்பு எதுவும் இருக்காது.

காரணம், எஃப்.பி.ஜி.ஏ.வில் கேட்டுகளின் வேலையைச் செய்யும் சிறு அட்டவணையான ஒரு லுக்அப் டேபிளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதை, நிரல்படுத்தக்கூடிய சுவிட்சுகள் வழியாகச் சுற்றிச் சுற்றிப் போகிறது. பெரும்பாலும் கேட்டின் நேரத்தைவிட அந்தப் பயணத்தின் நேரம்தான் அதிகம். கேரிக்கு மட்டும் தயாரிப்பாளர்கள் தனிப்பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்: பக்கத்து இடத்துக்குச் சுவிட்ச் எதுவும் இல்லாமல் நேராகப் போகும் நிரந்தரக் கம்பி. ஜைலிங்ஸின் 7 வரிசைச் சிப்புகளில் நான்கு பிட்டுக்கு ஒன்றாக இருக்கும் கேரி4 என்ற பகுதி அதுதான். அல்ட்ராஸ்கேலில் எட்டு பிட்டுக்கு ஒன்றாக ஆனது. கூட்டல் குறியைப் பார்த்ததும் மென்பொருள் இந்தப் பாதையில் ரிப்பிள் கூட்டியைப் போட்டுவிடும். கையால் எழுதிய கோகி-ஸ்டோனுக்கு அந்தப் பாதை கிடைக்காது. அதன் ஆறு நிலைகளும் பொதுச் சாலையில் போக வேண்டும். 32, 64 பிட் அளவில் இரண்டையும் அளந்தால் ரிப்பிள் வெல்வதே வழக்கம். பல நூறு பிட் அகலம், மறையாக்கக் கணக்குகளில் வருவது போல, வேண்டும்போது தான் நிலைமை மாறத் தொடங்கும். அப்போதும் நல்ல விடை முழு மரமாக இருக்காது. கேரி பாதையில் ஓடும் சிறு ரிப்பிள் துண்டுகளைச் செலக்ட் முறையில் இணைப்பது, அல்லது பைப்லைன் வைத்து இரண்டு மூன்று கிளாக்குகளுக்குப் பிரித்துவிடுவது என்றுதான் போகிறார்கள்.

சிப்பாகவே அச்சடிக்கும் வடிவமைப்பிலும் கூட்டல் குறியே முதல் தேர்வு. எவ்வளவு நேரத்துக்குள் முடிய வேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சொன்னால் சிந்தசிஸ் மென்பொருள் அதற்கேற்ற வடிவத்தை எடுத்துக்கொள்ளும்: தளர்வாகச் சொன்னால் ரிப்பிள் வரும், இறுக்கினால் மரம் வரும். ஒரே வரி வெரிலாகை 5 நானோ வினாடிக் கட்டுப்பாட்டில் ஒருமுறையும் அரை நானோ வினாடியில் ஒருமுறையும் ஓட்டி, வரும் பரப்பு அறிக்கைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தக் கட்டுரையில் உள்ள பட்டியலைவிட அதிகம் தெரியும்.